ஷட்டருக்கு வேஸ்ட் ஆயில் ஊற்றாதீங்க அண்ணாச்சி!

விடியற்காலை ஒரு கடையின் ரோலிங் ஷட்டரைத் தூக்கினால் தெருவே எழுந்து உட்காருகிறது. இந்தக் கிறீச்சுக்கு ஊர் முழுக்க ஒரே வைத்தியம்தான். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஒரு டப்பா வேஸ்ட் ஆயில் வாங்கி, ஷட்டர் ஏறி இறங்கும் ரெண்டு பக்கச் சேனலிலும் மேலேயிருந்து ஊற்றுவது. நாலு நாள் ஜம்மென்று போகும். மூணாவது வாரம் முன்னைவிட மோசமாகக் கத்தும். உடனே இன்னொரு டப்பா!

இன்ஜினுக்கு ஆகாது என்று கழற்றி விட்ட எண்ணெய் அது. கரியும் இரும்புத் தூளும் அதிலேயே இருக்கிறது. அதன் மேல் தெருப் புழுதி ஒட்டினால் என்ன ஆகும்? வால்வு தேய்க்க மெக்கானிக் பூசுவாரே கிரைண்டிங் பேஸ்ட், கிட்டத்தட்ட அதுதான். நீங்கள் ஷட்டருக்கு மசகு போடவில்லை, அரம் போடுகிறீர்கள். போதாக்குறைக்கு வாசலில் சொட்டி, வருகிறவர் வேட்டியில் கறை.

கிரீஸை அள்ளி அப்புகிறவர்களும் இதே கணக்குதான். ஷட்டரின் தகட்டுப் பட்டை உரசி ஓடும் சேனலில் கிரீஸ் என்பது மண்ணுக்கு விரித்த பாய். தேங்காய் எண்ணெய் இன்னும் வேடிக்கை. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் கோயம்புத்தூரில் அது எண்ணெயே இல்லை, மெழுகு. வடை சுட்ட எண்ணெயைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது காய்ந்து பிசினாகி, வார்னிஷ் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

"நாங்க டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடிக்கிறோமே" என்பார்கள் விவரமானவர்கள். டபிள்யூடி என்றால் 'வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட்', பெயரிலேயே இருப்பது ஈரத்தை விரட்டும் வேலை. பெரும்பகுதி கரைப்பான், ஆவியாகிப் போய்விடும். துருவை இளக்க, பழைய பிசினைக் கழுவ அருமையான சாமான். அதையே மசகாக நம்பினால் ஒரு வாரத்தில் மறுபடி கத்தும்.

சேனலுக்கு வேண்டியது சிலிக்கான் ஸ்ப்ரே. காய்ந்த மெல்லிய படலமாக நிற்கும், புழுதி அவ்வளவாக ஒட்டாது. ஆனால் கழுவாமல் அடித்தால் காசுக்குக் கேடு. முதலில் சேனல் அடியில் அடைந்திருக்கும் மண்ணையும் பாக்கு உறையையும் கம்பியால் நோண்டி எடுங்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றி உள்சுவர்கள் மூன்றையும் துடையுங்கள் (பக்கத்தில் ஊதுபத்தி கூட வேண்டாம்). நன்றாகக் காய்ந்த பிறகு, டப்பாவோடு வரும் சின்னக் குழாயைச் செருகி, மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக அடியுங்கள். மூன்று நான்கு முறை ஏற்றி இறக்கி, வழிந்ததைத் துடைத்தால் போதும். தரையில் பேப்பர் விரிக்காமல் அடித்தால் முதல் வாடிக்கையாளர் வழுக்கி விழுவார். பெயிண்ட் அடிக்கப்போகிற பட்டையில் சிலிக்கான் படக்கூடாது. பெயிண்ட் பிடிக்காமல் குழி குழியாக நிற்கும்.

மேலே ஷட்டர் சுருளும் பைப் சுழலும் இடத்துக்குத்தான் லித்தியம் கிரீஸ், அதுவும் மொச்சைக்கொட்டை அளவு. சீல் வைத்த பேரிங்காக இருந்தால் அதுவும் வேண்டாம். பூட்டுக்கு எண்ணெயே ஆகாது, கிராஃபைட் பொடி போடுங்கள். கிடைக்கவில்லையா? 6பி பென்சில் முனையைச் சீவி, அந்தப் பொடியைச் சாவியில் தடவி நாலு திருப்பு. இதெல்லாம் கடலுக்குத் தள்ளியிருக்கும் ஊரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். உப்புக்காற்று அடிக்கும் கடற்கரை ஊர் என்றால் மூன்று மாதம்.

எல்லாச் சத்தத்துக்கும் மசகு மருந்தில்லை, இது யார் மண்டையிலும் ஏறுவதில்லை. லொடலொடவென்று ஆடினால் பட்டை நுனியில் இருக்கும் எண்ட் லாக் கழன்றிருக்கிறது. பட்டை பக்கவாட்டில் நகர்ந்து சேனல் சுவரில் இடிக்கிறது. அடுத்து, எடையைத் தாங்கும் ஸ்பிரிங்கைச் சோதிக்க, ஷட்டரைப் பாதியில் நிறுத்திக் கையை மெதுவாகத் தளர்த்துங்கள், காலைத் தள்ளியே வைத்துக்கொண்டு. நின்றால் சரி. தடாலென்று இறங்கப் பார்த்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, ஆயில் டின்னையே கவிழ்த்தாலும் அது நிற்காது. அதற்காக நீங்களே ஏணி போட்டு போல்ட்டைக் கழற்றாதீர்கள். முறுக்கி வைத்த ஸ்பிரிங் விடுபட்டால் பைப் சுழலும் வேகத்தில் கை போய்விடும். ஷட்டர் மிஸ்திரியைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்க வரும் புண்ணியவான்கள். சேனலுக்குள்ளேயும் பிரஷை விட்டு இழுத்துவிட்டு, இனாமல் காய்வதற்குள் ஷட்டரைச் சுருட்டி ஏற்றிவிடுகிறார்கள். மறுநாள் பட்டையோடு பட்டை ஒட்டி, கடப்பாரை கேட்கிறது. சேனல் வாயில் டேப் ஒட்டச் சொல்லுங்கள், ஒரு ராத்திரி முழுக்க இறக்கியே விடச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் கூலியில் பாதியைப் பிடித்து வையுங்கள்.