மூணு தடவைக்கு மேல கேட்காது

2005-ல வாங்கின பட்டன் போனை நினைச்சா இப்பவும் எரிச்சலா வருது. கீபேட் லாக்கை ரெண்டு பட்டன் அமுக்கினா பக்கத்து வீட்டுக் குழந்தைகூட எடுத்துடும். அதுக்கப்புறம் மெசேஜ் எல்லாம் திறந்த வீடுதான். போனோட செக்யூரிட்டி கோடா? ஊருக்கே தெரிஞ்ச 12345.

ஆனா சிம் இருக்கே, அதுக்கு மட்டும் கோட்டைக் காவல்! திருடு போனா பாதுகாப்பா இருக்கட்டும்னு போனை ஆன் பண்ணும்போது சிம் கேட்கிற ரகசிய எண்ணை, அதாவது பின் (PIN) நம்பரை, நானே மாத்தி வச்சேன் (புத்திசாலித்தனம்!). ஒருநாள் பேட்டரியைக் கழட்டி மாட்டினேன், நம்பர் மறந்துபோச்சு. மூணு தடவை தப்பு. உடனே பூட்டின சிம்மைத் திறக்கிற எட்டு இலக்க பியூகே (PUK) நம்பர் கொடுங்கிறது. அது எங்க இருக்கும்? சிம்மைப் பிச்செடுத்த அட்டையில. அட்டை எங்க? கடைக்காரர் குப்பைக்கூடையில.

அதுலயும் பத்து தடவை தப்பாப் போட்டா சிம்மே செத்துடும். என்னோட எல்லா நம்பரும் அந்த சிம்லதான். பூட்டின போன்ல அவசர உதவி நம்பரான 112-க்கு மட்டும் கூப்பிடலாம். கூப்பிட்டு என்னன்னு சொல்ல, என் போனை நானே திருடிட்டேன்னா?

திருடன் வேற சிம்மைப் போட்டு நிம்மதியா பேசியிருப்பான்.