மிருகத்தை ஏன் சார் இழுக்குறீங்க?

சனிக்கிழமை தண்ணி லாரிக்கிட்ட குடத்தோட நின்னவங்க அடிச்சுக்கிட்ட விவகாரம் உங்க எல்லாருக்கும் தெரியும். யார் மண்டை உடைஞ்சது, எத்தனை தையல், அதுக்குள்ள நான் போகலை. மறுநாள் வாட்ஸப் குரூப்புல ஒரு பெரிய மனுஷர் உதிர்த்த முத்துதான் என் எரிச்சல்: "மிருகங்க மாதிரி அடிச்சுக்கிறாங்க."

எந்த மிருகம் சார்? பேர் சொல்லுங்க.

ஸ்காட்லாந்து பக்கம் ரம்னு ஒரு தீவு. அங்க செம்மான்களைக் கவனிச்சு க்ளட்டன்-பிராக், ஆல்பன்னு ரெண்டு விலங்கு ஆய்வாளருங்க 1979-ல எழுதினாங்க. பெண்மான் கூட்டத்தைப் பிடிக்க வர்ற ஆண்மான் எடுத்த எடுப்புல முட்டாது. தூர நின்னு கத்தும். ஏற்கெனவே அங்க இருக்குறது பதிலுக்குக் கத்தும். தொண்டையில தெம்பில்லாதது அப்பவே கழண்டுக்கும். சரிக்குச் சரின்னா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல விறைப்பா நடந்து அளவு பார்க்கும். அதுலயும் தீரலைன்னாதான் கொம்பு.

நம்ம ஆளுங்க முதல் குடத்துலயே கொம்புக்குப் போயாச்சு.

அவ்வளவு தூரம் ஏன்? மீன்காரம்மா குடல் போடுற மூலையைத்தான் அஞ்சு வருஷமா பால்கனியிலிருந்து பார்க்கிறேன். நாலு நாய். உறுமும், பல்லைக் காட்டும், ஒண்ணு வாலைச் சுருட்டும், முடிஞ்சது. ரத்தம் பார்த்தது ரெண்டே தடவை.

"மிருகம் என்ன, பெருந்தன்மையிலயா விலகுது?"ன்னு கேப்பீங்க. இல்லவே இல்லை. மெய்னார்ட் ஸ்மித், பிரைஸ்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1973-லயே கணக்குப் போட்டுக் காட்டிட்டாங்க: எல்லாரும் பாயுற இடத்துல, கிடைக்கிறதைவிட காயம்தான் அதிகம். வெறும் கணக்கு. அதுகூட நமக்கு வரலையேன்னுதானே சொல்றேன்!

சிங்கம் குட்டியைக் கொல்லலையான்னு ஒருத்தர் வருவார். கொல்லும், சரி, விடுங்க. ஆப்பிரிக்காவுல தான்சானியாவோட கோம்பே காட்டுல 1974-லிருந்து நாலு வருஷம் சிம்பன்சிங்க கூட்டமாப் போய் சக சிம்பன்சிங்களையே கொன்னுச்சேன்னு இன்னொருத்தர் வருவார். சிம்பன்சி யாருக்குங்க பங்காளி? நமக்குத்தானே?

பங்காளின்னு எழுதும்போதே கை நிக்குது. ஊர்ல அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுக் கிணறு. முறை வச்சு இறைச்சவங்க. ஒரு கோடையில முறை மாத்தி மோட்டார் ஓடிருச்சு. கத்தலும் இல்லை, அளவு பார்க்கிறதும் இல்லை, நேரா கோர்ட்டு. 19 வருஷம். கேஸ் முடியறதுக்குள்ள கிணறு வத்திப் போச்சு. அப்பா போனப்ப பெரியப்பா வரலை. எதிர்வீடுதான். கதவு சாத்தியே இருந்துச்சு, நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

அந்த மெசேஜை அழிச்சிருங்க சார்.