படு படு என்று சொன்னவர்களுக்கு

‘மூணு மாசம் அசையக்கூடாது, படுத்த படுக்கையா இருக்கணும்’ என்று, இடுப்பு பிடித்துக்கொண்டு கிடந்த என்னிடம் சொன்னவர்களை விரல்விட்டு எண்ணினேன். பதினேழு பேர். அதில் ஒருவர்கூட ‘நீ படுத்துக்கோ, இன்னிக்கு உலை நான் வெக்கிறேன்’ என்று சொல்லவில்லை. வயிறு எரிகிறது. ஏழு வாரமாக உள்ளே போட்டு வைத்திருந்ததை இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். அன்றைக்கு சிலிண்டர் கொண்டுவந்தவர் மாடிப்படி அடியிலேயே இறக்கிவிட்டு, குரல் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே இருக்கும் கேஸ் மட்டுமே 14.2 கிலோ. இரும்பும் கிட்டத்தட்ட அதே எடை. ஆக மொத்தம் முப்பது கிலோ. எத்தனையாவது மாடியானாலும் வீட்டில் கொண்டுவந்து தரவேண்டும், அதற்கான கூலி பில் தொகையிலேயே சேர்ந்திருக்கிறது. இது விதி. கீழே வைத்துவிட்டுப் போவது இந்தத் தெருவில் வழக்கம். என் வீட்டுக்காரர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்து அப்போதுதான் கண் அசந்திருந்தார். எழுப்ப மனசு வரவில்லை. பையன் பள்ளிக்கூடம் போயிருந்தான். நானே படிப்படியாக இழுத்து ஏற்றினேன்.

ஏற்றும்போது ஒன்றும் ஆகவில்லை. ரெகுலேட்டரை மாட்டிவிட்டு, தரையில் கிடந்த தீப்பெட்டியை எடுக்கக் குனிந்தேன். அவ்வளவுதான். நிமிர முடியவில்லை. குனிந்த வாக்கிலேயே மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சை இழுத்தால் சுருக்கென்று குத்தியது. கூப்பிடக் குரல் வரவில்லை. மண்டிபோட்டு, தவழ்ந்து கூடத்துக்கு வந்து சேர்ந்தேன். எனக்கு வயது நாற்பத்தொன்று. அந்தப் பத்தடி தூரத்தை நினைத்தால் இன்றைக்கும் கண் கலங்குகிறது.

மறுநாளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வாயுப் பிடிப்பு என்றார் ஒருவர். ஜவ்வு விலகிவிட்டது என்றார் இன்னொருவர். எதிர்வீட்டு அக்கா, அவருடைய நாத்தனாரின் கணவர் இப்படித்தான் ஆரம்பித்து ஆபரேஷன் செய்து கால் விளங்காமல் போனதை, என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே அரை மணி நேரம் சொன்னார். வலியில் கிடக்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது? அன்றிரவு முழுக்க நான் தூங்கவில்லை. காலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

அப்புறம் இடுப்பில் உலக்கையை உருட்டினார்கள். மூன்றாம் நாள், காலால் பிறந்த பையன், அதாவது பிறக்கும்போது கால் முதலில் வந்தவன், என்று ஒருவனைக் கூட்டி வந்து இடுப்பில் மிதிக்கச் சொன்னார்கள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை. நான் கத்தியதில் அவன் அழுதே விட்டான். வீக்கமும் இறுக்கமுமாக இருக்கிற இடத்தை எதற்கு மிதிக்கவேண்டும்? கை வீங்கினால் மிதிப்போமா? கண் சிவந்தால் உலக்கையை உருட்டுவோமா? முதுகு என்றால் மட்டும் ஆளாளுக்கு வைத்தியர் ஆகிவிடுகிறார்கள்.

அம்மாவை மட்டும் சொல்லமாட்டேன். பண்ருட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்து, கல்லுப்பை வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, காலையும் மாலையும் ஒத்தடம் கொடுத்தாள். சூடு பட்டதும் இறுக்கம் கொஞ்சம் விட்டது. சூட்டு ஒத்தடம் திடீர் இடுப்புவலிக்கு உண்மையிலேயே பலன் தருவது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அம்மா எந்தக் கதையும் சொல்லவில்லை. ஒத்தடம் கொடுத்தாள், பாத்திரம் கழுவினாள், போனாள்.

இன்னொரு பேச்சு இருக்கிறதே, அதைக் கேட்டால்தான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. ‘சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதோட வேலைதான் இது.’ அத்தை சொன்னார், சின்ன நாத்தனார் சொன்னார், கடையில் கூட வேலை செய்கிறவர்கள் போனில் சொன்னார்கள். என் பையனுக்குப் பதினான்கு வயது. பதினான்கு வருடம் ஊசி எங்கே ஒளிந்துகொண்டிருந்தது? ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். வருடக்கணக்கான முதுகுவலிக்கு அந்த ஊசிதான் காரணம் என்று ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்கு முதுகு வலித்தாலும் பழி அந்த ஊசிக்குத்தான். அந்தப் பெண் தூக்குகிற குடம், இடுப்பில் சுமக்கிற குழந்தை, நாள் முழுக்க நிற்கிற நிலை எதுவும் கண்ணில் படுவதில்லை. பழியை ஊசி மேல் போட்டுவிட்டால் குடத்தை யாரும் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை பாருங்கள்.

சரி, படித்தவர்களாவது ஒழுங்காகப் பேசினார்களா என்றால், அதுவும் இல்லை. ஐந்தாம் நாள் ஒரு தனியார் மருத்துவரிடம் போனோம். ஒன்றரை மணி நேரம் காத்திருப்பு. நாற்காலிகள் நிரம்பிவிட்டதால் சுவரில் சாய்ந்து நின்றேன். உள்ளே நான்கு நிமிடம். முதுகைத் தொட்டுப் பார்க்கவில்லை, காலைத் தூக்கிப் பார்க்கவில்லை. எம்ஆர்ஐ எழுதினார். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய், என் பாதிச் சம்பளம். ரிப்போர்ட்டில், கீழ்முதுகில் எல்4, எல்5 என்கிற இரண்டு எலும்புகளுக்கு நடுவில் டிஸ்க், அதாவது ஜவ்வு, பிதுங்கியிருப்பதாக இருந்தது. ‘தேஞ்சு போச்சும்மா. இனிமே குனியக்கூடாது, தூக்கக்கூடாது, கீழ உக்காரக்கூடாது. முத்தினா ஆபரேஷன்தான்.’ அடுத்த நோயாளிக்கு மணி அடித்துவிட்டார்.

குனியாமல், தூக்காமல், கீழே உட்காராமல் இருக்கிற வாழ்க்கை எங்கே கிடைக்கும்? எங்கள் வீட்டில் இருப்பது இந்தியன் கழிப்பறை. துணி துவைப்பது கல்லில். நான் வேலை செய்வது ஜவுளிக்கடையில். வீட்டுக்கு வந்து அந்த ரிப்போர்ட்டைத் தலையணை அடியில் வைத்துக்கொண்டு நான்கு நாள் அழுதேன். பல் துலக்க மட்டும் எழுந்தேன். உண்மையைச் சொன்னால் வலி அந்த நாலு நாளில்தான் அதிகமானது.

என்னைத் தூக்கி நிறுத்தியவள் அக்கா மகள். புதுச்சேரியில் பிசியோதெரபி கடைசி வருடம் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தவள், ரிப்போர்ட்டைப் பார்க்கும் முன்னே என்னைக் கேட்டாள்: ‘சித்தி, யூரின் ஒழுங்கா போவுதா? உக்கார்ற இடம், தொடையிடுக்கு எங்கியாவது மரத்துப் போயிருக்கா?’

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினேழு பேர், ஒரு மருத்துவர். யாருமே கேட்காத கேள்வி இது. முதலில் கேட்கவேண்டிய கேள்வியே இதுதானாம். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போய்விட்டாலோ, மலத்தை அடக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, கால் நாளுக்கு நாள் பலம் குறைந்தாலோ, அது முதுகெலும்பின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அப்போது உலக்கையும் கிடையாது, ஒத்தடமும் கிடையாது, நேரே அவசரப் பிரிவு. தாமதித்தால் திரும்பாமலே போய்விடலாம். கூடவே காய்ச்சல் இருந்தாலும், உயரத்திலிருந்து விழுந்திருந்தாலும், முன்பு புற்றுநோய் வந்தவராக இருந்தாலும் உடனே பார்க்கவேண்டும். இதை ஏன் எங்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை? கால் விளங்காமல் போன கதையை அரை மணி நேரம் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியைச் சொல்லத் தெரியவில்லையே!

எனக்கு அந்த அடையாளம் எதுவும் இல்லை. அப்படியானால் முதல் சில வாரங்களில் ஸ்கேனே தேவையில்லை என்றாள். டிஸ்க் பிதுங்கல் என்ற அந்த வார்த்தைக்கு நான் எப்படி நடுங்கினேன்! 2015-இல் வந்த ஓர் ஆய்வைக் காட்டினாள். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் விவரங்களைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். இருபது வயதுக்காரர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. நாற்பது வயதில் பாதிப் பேருக்கு. எண்பது வயதில் எண்பத்து நான்கு பேருக்கு. வலி இல்லாதவர்களுக்கு! ‘தலை நரைக்கிற மாதிரி இதுவும் சித்தி’ என்றாள். இதை அந்த மருத்துவர் ஒரு நிமிடம் செலவழித்துச் சொல்லியிருந்தால் நான் நான்கு நாள் அழுதிருக்க மாட்டேன்.

படுக்கை ஓய்வு பற்றியும் கேட்டேன். தாங்கமுடியாவிட்டால் ஓரிரு நாள். அதற்கு மேல் படுத்தால் தசை தளர்ந்து, வலி நீண்டுகொண்டே போகும். பெரும்பாலானவர்களுக்கு இந்தத் திடீர்ப் பிடிப்பு நான்கு முதல் ஆறு வாரத்தில் தணிந்துவிடும், முடிந்த அளவு நடமாடுவதுதான் மருந்து. ஆக, அந்தப் பதினேழு பேரும் அன்போடு சொன்னார்களோ பழக்கத்தில் சொன்னார்களோ, எனக்குத் தீங்கைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அவள் சொல்லிக்கொடுத்தவை சின்னச் சின்ன விஷயங்கள். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை. ஒருக்களித்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில். எழும்போது நேராக எழக்கூடாது. முதலில் ஒரு பக்கமாக உருண்டு, காலைக் கட்டிலுக்குக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழவேண்டும். தும்மல் வந்தால் எதையாவது பிடித்துக்கொண்டு முழங்காலை லேசாக மடக்கவேண்டும். எண்ணூறு ரூபாய்க்கு வாங்கிய இடுப்பு பெல்ட்டை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டாம் என்றாள். முதல் நாள் கூடத்துக்கும் பால்கனிக்கும் பத்து நடை. இரண்டாம் வாரக் கடைசியில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு பக்கம். நான்காம் வாரம் முழுச் சுற்று. நடந்த பிறகு சில நாள் வலித்தது. வலித்தால் கெட்டுப்போகிறது என்று அர்த்தமில்லை என்று அவள் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாளும் நடந்தேன்.

நடுவில் ஒரு தடவை அவள் படிக்கிற ஊரில் காட்டுவதற்காகப் பாண்டி பஸ் ஏறினேன். இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு வேகத்தடையும் என் முதுகில் ஏறி இறங்கியது. ஓட்டுநர்களே, வேகத்தடையில் வேகத்தைக் குறைத்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்? உட்கார இடம் இல்லை. ஓர் ஆளிடம் ‘முதுகு முடியலண்ணா, கொஞ்சம் இடம் கொடுங்க’ என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘பாத்தா நல்லாத்தானே இருக்க?’ என்றார். கட்டுப் போட்ட கைக்கு இடம் கிடைக்கும். இடுப்புவலிக்குக் கட்டும் இல்லை, ரத்தமும் இல்லை. 2020-இல் உலகம் முழுக்க 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த பஸ்ஸில் மட்டும் எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள்!

ஐந்தாம் வாரம் வேலைக்குப் போனேன். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடை, சேலைப் பிரிவு. காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பது வரை நிற்கவேண்டும். அக்கா மகள் சொன்னது ஒன்றே ஒன்று: ஒரே நிலையில் நிற்காதீங்க, அரை மணிக்கு ஒரு தடவை உட்காருங்க. உட்கார எங்கே இடம்?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் ஒரு திருத்தம் வந்தது. கேரளத்தில் அதற்கு மூன்று வருடம் முன்பே வந்துவிட்டது. கடையில் வேலை செய்கிற எல்லாருக்கும் இருக்கை போடவேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம். சட்டமே சொல்கிறது. எங்கள் கடையிலும் முக்காலி வாங்கினார்கள். யாரோ பார்க்க வரப்போகிறார்கள் என்ற பேச்சு ஓய்ந்ததும் எல்லாவற்றையும் கோடவுனில் அடுக்கிவிட்டார்கள். வாடிக்கையாளர் வரும்போது ஆள் உட்கார்ந்திருந்தால் பார்க்க நன்றாக இருக்காதாம். யார் பார்வைக்கு? சேலை எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் எங்களைப்போல நின்று நின்று கால் வீங்கிய பெண்கள்தான். அவர்களா கோபித்துக்கொள்வார்கள்?

நான் சூப்பர்வைசரிடம் போனேன். டாக்டர் சீட்டு எதுவும் கொண்டுபோகவில்லை, அழவில்லை, கெஞ்சவில்லை. ‘அண்ணா, சட்டத்துல இருக்கு. முக்காலியும் கோடவுன்ல இருக்கு. எடுத்துப் போடுங்க’ என்றேன். முதல் நாள் முறைத்தார். இரண்டாம் நாள் ‘உனக்கு மட்டும் ஒண்ணு எடுத்துக்கோ’ என்றார். எனக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்கு ஆறு மாதம். அவள் எந்த வலியையும் வாய்விட்டுச் சொல்வதில்லை, வேலை போய்விடும் என்று பயம். போன வாரம் இரண்டு முக்காலி இறங்கியது. சேலைப் பிரிவில் நாங்கள் ஏழு பேர். கோடவுனில் இன்னும் ஐந்து இருக்கிறது, நானே எண்ணிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை கடை திறந்ததும் மறுபடியும் அவர் முன்னால் போய் நிற்கப்போகிறேன்.