1960களுக்கு முன்பே தொடங்கிய கதை
அமெரிக்க மெக்சிகோக்காரர்களின் பண்பாட்டு அமைப்புகள் 1960களில் அவர்கள் தங்கள் உரிமைகளுக்காக நடத்திய சிகானோ இயக்கத்தில்தான் பிறந்தன என்று இந்தக் கட்டுரை சொல்வது சரியில்லை. அரிசோனாவின் டூசான் நகரில் அலியான்சா இஸ்பானோ அமெரிக்கானா என்ற அவர்களின் பரஸ்பர உதவிச் சங்கம் 1894லேயே தொடங்கிவிட்டது. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், அது வெறும் இன்சூரன்ஸ் சங்கம், பண்பாடு எங்கே வந்தது என்கிறார். உண்மைதான், உறுப்பினர் இறந்தால் அடக்கச் செலவுக்கும் குடும்பத்துக்கும் பணம் தருவதுதான் அதன் அடிப்படை வேலையாக இருந்தது. ஆனால் செப்டம்பர் 16 மெக்சிகோ சுதந்திர நாளை ஊர்கூடிக் கொண்டாட வைத்தவையும் இத்தகைய பரஸ்பர உதவிச் சங்கங்கள்தானே? சாவுக்குக் கூடுகிறவர்கள்தான் திருவிழாவுக்கும் கூடுவார்கள். அப்புறம், அரிசோனாவின் டோலெசன் ஊரில் மெக்சிகோக் குழந்தைகளைத் தனிப் பள்ளியில் ஒதுக்கியதை எதிர்த்து 1951இல் வென்ற வழக்குக்குத் துணை நின்றதும் இதே அலியான்சாதான். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.