காஃப்மன் பூ வரைந்தவர் அல்ல
‘லண்டனில் உள்ள கலைஞர்கள் அமைப்பான ராயல் அகாடமி அந்தக் காலத்தில் பெண்களைச் சேர்க்கவே இல்லை, அதன் உறுப்பினர்களைக் காட்டும் சோஃபனியின் ஓவியமே சாட்சி, ஏஞ்சலிகா காஃப்மன் வெறும் பூ ஓவியர்’ என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. 1768இல் அகாடமியைத் தொடங்கியவர்களில் சுவிட்சர்லாந்தின் கூர் நகரில் பிறந்த காஃப்மனும் மேரி மோசரும் உண்டு. அந்த ஓவியத்தின் வலப்பக்கச் சுவரை உற்றுப் பாருங்கள்: இருவரும் மாட்டிவைத்த படங்களாக இருக்கிறார்கள்! ஆடையில்லாத ஆண் மாடல் இருக்கும் அறையாம், அதனால் நேரில் காட்டவில்லை. எவ்வளவு அநியாயம்! அவர்களுக்குப் பிறகு 1936 வரை எந்தப் பெண்ணும் முழு உறுப்பினராகவில்லை என்பது உண்மைதான்.

அப்புறம், பூக்களுக்குப் பேர்போனவர் மோசர். காஃப்மன் வரைந்தவை வரலாற்று, புராணக் காட்சிகள். அகாடமியின் கூரைக்காக அவர் வரைந்த நான்கு படங்கள் இன்றும் அதன் கட்டடமான பர்லிங்டன் ஹவுஸில் இருக்கின்றன. ஒன்றில் ஒரு பெண் தூரிகையை உயர்த்தி, வானவில்லிலிருந்தே நிறம் எடுக்கிறாள்.