பறக்கிற மணிக்கு மட்டும்தான் கூலியா?

விமான கேபின் க்ரூவுக்கு சம்பள ஒப்பந்தம் பேசப் போகிறார்கள் என்றால் மும்பையில் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "எத்தனை பர்சென்ட் கேக்குறாங்க?" செம்பூர், முலுண்ட், தாராவி, அந்தேரி என்று நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இந்த வேலையில் இருக்கிறார்கள். அவர்கள் அப்பா அம்மாவும் இதையேதான் கேட்கிறார்கள். சதவீதம் இரண்டாவதாகப் பேச வேண்டிய விஷயம் என்பது என் உறுதியான கருத்து. மணியை எங்கே தொடங்கி எங்கே முடித்து எண்ணுகிறார்கள் என்பதை முதலில் தீர்க்காமல் மேசையில் உட்காரவே கூடாது.

சம்பளம் மூன்று துண்டாக வருகிறது. அடிப்படை, வீட்டு வாடகைப் படி போன்ற நிலையான பகுதி. மணிக்கு இவ்வளவு என்று ஃப்ளையிங் அலவன்ஸ். வெளியூரில் தங்கினால் லேஓவர் படி. பல நிறுவனங்களில் அந்த இரண்டாவது துண்டு சக்கரத்தடிக் கட்டையை எடுத்து விமானம் நகரும் நொடியில் தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் கட்டை வைத்ததும் முடிகிறது. இதுதான் பிளாக் டைம். சைன் ஆன் (பணிக்கு வந்ததைப் பதிவு செய்வது), மதுவுக்கான மூச்சுச் சோதனை, பிரீஃபிங், அவசரகாலக் கருவிகளைச் சரிபார்ப்பது, சாப்பாட்டு டிராலி எண்ணுவது, 180 பேரை ஏற்றிப் பெட்டிகளை மேலே அடைப்பது என்று இவ்வளவும் கட்டை எடுப்பதற்கு முன்னால் நடக்கிற வேலை. சண்டை, சச்சரவு, முதுகுவலி அதிகம் வருவதும் பயணிகளை ஏற்றுகிற அந்த அரைமணி நேரத்தில்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலை 4:30க்கு சைன் ஆன். 5:30க்கு மும்பையிலிருந்து சென்னை, 1 மணி 55 நிமிடம். இறக்கி, ஏற்றி, திரும்பக் கிளம்ப 40 நிமிட டேர்ன் அரவுண்ட். திரும்பி மும்பை, அதே 1:55. 45 நிமிடம் கழித்து கோவா, 1:15. அங்கே 35 நிமிடம். திரும்ப 1:15. இறக்கிவிட்டு, எழுதிக் கொடுத்து, சைன் ஆஃப், அதாவது பணி முடிந்ததாகப் பதிவு, ஆகும்போது பிற்பகல் 2:20. டியூட்டி 9 மணி 50 நிமிடம். பிளாக் டைம் 6 மணி 20 நிமிடம்தான். மூன்றரை மணி நேரம் கணக்கிலேயே இல்லை.

மணிக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய ஃப்ளையிங் அலவன்ஸ் 2,533 ரூபாய். 20 சதவீத உயர்வு வாங்கினால் கூடுவது சுமார் 507 ரூபாய். ரேட்டைத் தொடாமல், தரையில் நிற்கும் நேரத்துக்குப் பாதி ரேட் என்று மட்டும் எழுதி வாங்கினால் கூடுவது 700 ரூபாய். கிட்டத்தட்ட 28 சதவீத உயர்வு. "20 பர்சென்ட் கொடுத்துட்டோம்" என்று நிர்வாகம் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போடுவதன் காரணம் இந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரியும் என்பதுதான்.

ஆனால் லண்டன் போகிற க்ரூவுக்கு இதே கணக்கு தலைகீழ். பத்து மணி நேரப் பறப்புக்கு முன்னும் பின்னும் சேர்த்து இரண்டு மணி நேரம்தான் தரையில். பாதி ரேட் என்றால் பத்து சதவீதம்தான் கூடும். அவர்களுக்கு 20 சதவீதமே லாபம். சீனியாரிட்டி உள்ளவர்கள் பெரும்பாலும் நீண்டதூர விமானத்தில் இருப்பார்கள், சங்கக் கமிட்டியிலும் அவர்களே இருப்பார்கள். அதனால் தரைநேரக் கோரிக்கை பட்டியலில் பதினேழாவதாகப் போய், கடைசி நாளில் விட்டுக்கொடுக்கும் பொருளாகிவிடும். ஒரு நாளில் நான்கு செக்டர் (ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஒரு பறப்பு) பறக்கிற ஜூனியர் இரண்டு பேராவது கமிட்டியில் இல்லாவிட்டால் இது மாறாது.

இது நடக்காத காரியம் இல்லை. அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்ஸ் 2022லேயே போர்டிங் நேரத்துக்கு, அதாவது பயணிகளை ஏற்றும் நேரத்துக்கு, பாதி ரேட் கொடுக்கத் தொடங்கியது. அங்கே க்ரூவுக்குச் சங்கம் கிடையாது. சங்கம் வந்துவிடக்கூடாது என்ற கவலையும் அதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு. 2024 செப்டம்பரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் க்ரூ அதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள்.  2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட க்ரூ வேலைநிறுத்தம் செய்ததில் முக்கியமான கோரிக்கை தரைநேரக் கூலி. வேலைக்குத் திரும்பச் சொல்லி அரசு உத்தரவு போட்டும் அவர்கள் திரும்பவில்லை. சில நாட்களில் உடன்பாடு வந்தது.

கனடாவைப் பார்த்து இங்கே அப்படியே செய்ய முடியாது. 2025 நவம்பர் 21 முதல் நமக்குத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் ஆகாமல் வேலைநிறுத்தம் கூடாது. அதற்குள் அரசின் சமரச அதிகாரி இரு தரப்பையும் அழைத்துப் பேச்சைத் தொடங்கிவிட்டால், பேச்சு நடக்கும்போதும் அது முடிந்து 7 நாள் வரையிலும் கூடாது. பாதிப்பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான். ஆகவே நோட்டீஸ் என்பது இன்றைக்கு நிர்வாகத்தை அதிகாரி முன்னால் உட்கார வைக்கிற கருவி. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் க்ரூ மொத்தமாக உடல்நலமில்லை என்று சொன்னபோது நிர்வாகம் 25 பேரை வேலையைவிட்டு நீக்கியது. அவர்களைத் திரும்ப எடுக்க ஒப்புக்கொண்டது டில்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் நடந்த சமரசப் பேச்சில்.

அந்த மேசையில் யார் உட்காரலாம் என்பதையும் இப்போது எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது. பல சங்கங்கள் இருக்கும் இடத்தில், பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் யாரிடம் இருக்கிறதோ அதுவே பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் அது இல்லையென்றால் 20 சதவீதத் தொழிலாளருக்கு ஒரு பிரதிநிதி என்று பேச்சுவார்த்தைக் கவுன்சில். இங்கே இரண்டு இடத்தில் கோட்டை விடுகிறோம். நிலையான கால ஒப்பந்தத்தில் இருக்கும் பிள்ளைகள், "ரின்யூவல் கெட்டுப்போகும்" என்ற பயத்தில் உறுப்பினர் ஆவதில்லை. கேபினில் மற்றவர்களை வழிநடத்தும் லீட் க்ரூவுக்கு மேனேஜர், எக்சிக்யூட்டிவ் என்று பட்டம் கொடுத்து அவர்கள் தொழிலாளரே இல்லை என்று நிர்வாகம் வாதாடுகிறது. மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் தொழிலாளர் வரையறைக்குள் வரமாட்டார். பட்டத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது, அவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும் என்று இப்போதே ஆவணம் சேர்த்து வையுங்கள்: பணி விவரக் கடிதம், விடுப்பை யார் அனுமதிக்கிறார்கள், தண்டனை கொடுக்கும் அதிகாரம் யாருக்கு.

கோரிக்கைப் பட்டியல் எழுதும் முன் மூன்று மாத ரோஸ்டர் (பணி அட்டவணை) திரட்டுங்கள். மும்பை, டில்லி, பெங்களூரு, சென்னை என்று ஒவ்வொரு பேஸிலிருந்தும், அதாவது க்ரூ பணி தொடங்கும் ஒவ்வொரு ஊரிலிருந்தும். நான்கே கட்டம் போதும்: சைன் ஆன், கட்டை எடுத்த நேரம், கட்டை வைத்த நேரம், சைன் ஆஃப். நிர்வாகத்தின் மென்பொருளில் இது எல்லாம் இருக்கிறது, உங்களிடம் இல்லையென்றால் அவர்கள் சொல்லும் செலவுத்தொகையை மறுக்க வழியே இல்லை.

வாசகத்தில் வரும் பொறிகள் தனி. "தரைநேரம்" என்று மட்டும் எழுதினால் அட்டவணைப்படியான 35 நிமிடத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஜூலை மழையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றால் அதற்கு ஒன்றும் வராது. "உண்மையில் ஆன நேரம்" என்ற சொல் இருந்தே ஆக வேண்டும். பிளாக் டைமுக்கும் அட்டவணை நேரம், உண்மை நேரம் இரண்டில் எது அதிகமோ அது. மும்பை வானில் வட்டமடிக்கிற இருபது நிமிடம் அதில்தான் அடங்கும். உத்தரவாத மணி இன்னொன்று. பறக்க விமானம் இல்லாவிட்டாலும் இத்தனை மணிக்குப் பணம் உண்டு என்ற ஷரத்து. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் பறப்பதை நிறுத்தியதற்கு இன்ஜின் தட்டுப்பாடு காரணமாகச் சொல்லப்பட்டது. இப்படி க்ரூவின் தவறே இல்லாமல் மணி குறையும் மாதங்கள் வரத்தான் செய்யும். விடுப்பு, மருத்துவ விடுப்பு, பயிற்சி நாட்களுக்கு அந்த உத்தரவாதத்தை வெட்டக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பேறுகாலம் பற்றி ஏன் எந்தக் கமிட்டியும் உரக்கப் பேசுவதில்லை என்பது எனக்கு ஆற்றாமை. 26 வார விடுப்புச் சம்பளம், விடுப்புக்கு முந்தைய மூன்று மாதச் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கர்ப்பம் தெரிந்ததும் பறக்கும் பணியிலிருந்து இறக்கிவிடுவார்கள், ஃப்ளையிங் அலவன்ஸ் அன்றோடு நின்றுவிடும். ஐந்தாறு மாதம் கழித்து விடுப்பு எடுக்கும்போது சராசரி எடுக்கிற அந்த மூன்று மாதமும் வெறும் அடிப்படைச் சம்பளம்தான். இதற்கு ஒரே வரி போதும்: பறப்பிலிருந்து இறக்கப்பட்ட தேதிக்கு முந்தைய 12 மாதச் சராசரியே தரைப்பணிக்கும் பேறுகால விடுப்புக்கும் அடிப்படை. நிறுவனத்துக்கு இது பெரிய செலவு இல்லை; கேட்டால் கிடைக்கக்கூடியது.

கையெழுத்து எங்கே என்பது கடைசிக் கேள்வி. நிர்வாகமும் சங்கமும் அறைக்குள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் அந்த இருவரை மட்டுமே கட்டும். சமரச அதிகாரி முன் போடுவது, சங்கத்தில் சேராதவர், நாளை வேலைக்கு வருபவர் உட்பட எல்லோரையும் கட்டும். விமானப் போக்குவரத்து மத்திய அரசின் வரம்பு. எனவே மனுவை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் உள்ள மாநில அரசின் காம்கார் பவனில் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள். போக வேண்டிய இடம் சயான் பக்கம் உள்ள, மத்திய அரசின் தொழிலாளர் ஆணையர் அலுவலகம் இருக்கும் ஷ்ரம் ரக்ஷா பவன். ஒவ்வொரு கூட்டத்தின் குறிப்பையும் அன்றைக்கே இரு தரப்பும் கையெழுத்திட்டு நகல் வாங்குங்கள். ஒப்பந்தம் அமலாகும் தேதியை, கையெழுத்தாகும் நாளாக இல்லாமல், பழைய ஒப்பந்தம் முடிந்த மறுநாளாக எழுதி, நிலுவைத் தொகை எத்தனை தவணையில், எந்த மாதச் சம்பளத்தோடு வரும் என்பதையும் அதே தாளில் குறித்து வாங்குங்கள்.