சத்தமில்லாத டயரா, சாலையைப் பிடிக்கும் டயரா?

ஆடி மாதக் கடைசியில் நான்கு டயர்களையும் மாற்றுவதற்காகக் கோவையில் ஒரு டயர் கடைக்குப் போயிருந்தேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்த கடைக்காரர் முதலில் கேட்டது இதுதான்: “சத்தமில்லாதது வேணுங்களா, ரோட்டப் புடிச்சு நிக்கிறது வேணுங்களா? ரண்டும் ஒண்ணா வராதுங்க சார்.” முப்பது ஆண்டுகளாக ரப்பரோடு புழங்குகிறவரிடம் வாதம் செய்வது மரியாதையில்லை என்று அப்போது சிரித்து வைத்தேன். ஆனால் இந்த ‘இதுவா அதுவா’ பேச்சை நம்பித்தான் நம்மில் பலர், ஆசைப்பட்டு வேகமான வண்டியை வாங்கிவிட்டு அதற்குச் சாதுவான ஒரு டயரை மாட்டிவிடுகிறோம். இல்லையென்றால் பந்தயத் திடலுக்கு உரிய டயரை மாட்டிக்கொண்டு, சென்னை போய்ச் சேருவதற்குள் காது அடைத்துப்போய் இறங்குகிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிப்பை டயரைத் தவிர வேறு எங்கும் வாங்க முடியாது. அமைதியில் பெரும்பகுதி காற்றழுத்தத்திலும், சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்டிலும், சரியான அளவைத் தேர்வதிலுமே கிடைத்துவிடுகிறது. ஆகவே ஈரச் சாலையில் நிற்கும் திறனை முதலில் பார்த்து, அதில் தேறிய டயர்களுக்குள் சத்தம் குறைந்ததைத் தேட வேண்டும்.

என்னுடையது 150 குதிரைத்திறன் கொண்ட டர்போ பெட்ரோல் செடான், முன்சக்கர இயக்கம், டயர் அளவு 205/55 ஆர்16 (அகலம் 205 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம்). மாதம் இருமுறை சேலம், உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னைக்குப் போய் வருகிறேன். ஒரு வழிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வாய்த்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை. அந்த மலையில் தென்மேற்குப் பருவமழை எப்படிப் பெய்யும் என்பது சின்னக்கல்லாறு பக்கம் போய் வந்தவர்களுக்குத் தெரியும். எட்டு மணி நேரம் காதைக் குடையாமலும் இருக்க வேண்டும், நனைந்த வளைவில் கைவிடவும் கூடாது என்பதுதான் நான் டயரிடம் கேட்பது.

ஓட்டுநரோடு சேர்த்து வண்டி 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 350 கிலோ. 33 பி.எஸ்.ஐ. காற்று என்பது சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 2.3 கிலோ அழுத்தம். வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுகிற பரப்பு சுமார் 150 சதுர செ.மீ. நம் அஞ்சலட்டையின் பரப்பு 126. அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரிய நான்கு துண்டு ரப்பர்தான் வண்டியைத் திருப்புகிறது, நிறுத்துகிறது. பிரேக் எவ்வளவு பெரியது, ஏ.பி.எஸ். எத்தனை கெட்டி என்பதெல்லாம் அந்தத் துண்டுகள் அனுமதிக்கும் எல்லைக்குள் நடக்கிற விஷயங்கள்.

அந்தத் துண்டு எப்படிப் பிடிக்கிறது? ரப்பர், சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அழுந்திப் பதிந்து, பழைய வடிவத்துக்கு உடனே திரும்பாமல் கொஞ்சம் சோம்பலாகத் திரும்புகிறது. அந்தச் சோம்பலில் இழக்கும் ஆற்றல்தான் பிடிப்பின் பெரும்பங்கு. அதே சோம்பல், சக்கரம் உருளும்போது பெட்ரோலையும் தின்னும். ஆகவே பிடிப்புக்கும் மைலேஜுக்கும் இடையே பழைய பகை ஒன்று உண்டு. 1992-இல் மிஷலின் டயர் கம்பெனி, ரப்பர்க் கலவையில் கரித்தூளின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சிலிகாவைச் சேர்த்து விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அந்தப் பகை ஓரளவு தணிந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தக் கணக்கில் சத்தம் எங்கும் வரவில்லை. பிடிப்பு பெரும்பாலும் கலவையின் குணம். சத்தம் பெரும்பாலும் வடிவத்தின் குணம். மென்மையான ரப்பர் என்பதற்காகவே ஒரு டயர் கத்துவதில்லை.

கடைக்காரர் சொன்னதில் உண்மை எங்கே இருக்கிறது என்றால், தேங்கிய தண்ணீரில் இருக்கிறது. ஆழமான தண்ணீரைக் கலவை வெல்ல முடியாது. டயரின் மேற்பரப்பில் இருக்கும் வெட்டுகள்தான் அதை வெளியேற்ற வேண்டும். வெட்டு அகலமாக அகலமாகத் தண்ணீர் வேகமாக ஓடும். அதே வெட்டு காற்றையும் பிடித்து நசுக்கி வெளியே தள்ளும்போது புல்லாங்குழல் போல ஊதும். தரையைத் தொடுகிற இடத்தில் ஒவ்வொரு நீள் வெட்டும் இரு முனையும் திறந்த ஒரு குழாய்தான். நெடுஞ்சாலையில் கேட்கிற டயர் இரைச்சல் 1,000 ஹெர்ட்ஸ் அருகே உச்சத்துக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்கு மேல் பட்டன்கள், அதாவது வெட்டுகளுக்கு நடுவே நிற்கும் ரப்பர்க் கட்டிகள், சாலையில் வந்து அறைகிற ஓசை வேறு. எல்லாப் பட்டனும் ஒரே நீளத்தில் இருந்தால் வண்டி சங்கு ஊதிக்கொண்டே போகும். அதனால்தான் வடிவமைப்பவர்கள் நீளத்தை வேண்டுமென்றே மாற்றி மாற்றி வைத்து, ஒற்றைச் சுருதியைக் கலைத்துச் சலசலப்பாக்கிவிடுகிறார்கள். புதிய டயரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அடுத்தடுத்த பட்டன்களை விரலால் அளந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இன்னொரு சத்தம் டயருக்கு உள்ளே இருக்கிறது. ரிம்முக்கும் டயருக்கும் நடுவே அடைபட்ட காற்று ஒரு வளையம். என் அளவு டயரில் அந்த வளையத்தின் சராசரிச் சுற்றளவு ஏறத்தாழ 1.63 மீட்டர், ஒலியின் வேகத்தை இதனால் வகுத்தால் 210 ஹெர்ட்ஸ் வருகிறது. மேம்பால இணைப்புகளில் ஏறி இறங்கும்போது ‘ண்ண்ங்’ என்று எழுந்து அடங்குகிற ஓசை அதுதான். இதை அடக்கத்தான் கான்டினென்டல், பிரெல்லி, மிஷலின் போன்றவர்கள் டயரின் உட்புறத்தில் ஸ்பாஞ்சு ஒட்டி விற்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அது அந்த ஒரு ஓசைக்கு மட்டுமே மருந்து. வெட்டுகளின் ஊதலை அது தொடாது. பஞ்சர் ஆனால் உள்ளே பேட்ச் ஒட்டுவதற்கு அந்த இடத்து ஸ்பாஞ்சை வெட்டி எடுக்க வேண்டும் என்பதையும், நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடையில் அதற்குப் பொறுமை இருக்குமா என்பதையும் யோசித்துவிட்டு வாங்குங்கள்.

லேபிளில் இருக்கும் டெசிபல் எண்ணை நம்பி வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஐரோப்பிய லேபிளில் வரும் அந்த எண், எஞ்சினை அணைத்து 80 கி.மீ. வேகத்தில் வண்டியை உருளவிட்டு, பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் அளந்தது. அதாவது சாலையோர டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் கேட்கிற ஓசை. ஸ்டியரிங் பிடித்திருப்பவர் கேட்பது அன்று. 3 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் இரட்டிப்பாகும் என்பது சரியே. ஆனாலும் உங்கள் வண்டியின் கதவு ரப்பரும், தரைத்தகடும், சஸ்பென்ஷன் புஷ்ஷும் எதை உள்ளே விடுகின்றன என்பதை அந்த எண் சொல்லாது.

அதே லேபிளில் நான் நம்புவது ஈரப் பிடிப்பு எழுத்தை. சிறந்ததான ஏ முதல் ஈ வரை. லேபிள் முதலில் வந்தபோதே, 80 கி.மீ. வேகத்திலிருந்து முழுமையாக நிறுத்துகையில் முதல் தரத்துக்கும் கடைசித் தரத்துக்கும் 18 மீட்டர் வரை வேறுபாடு இருக்கலாம் என்று சொல்லப்பட்டது. என் வண்டியை நான்கு முறை வரிசையாக நிறுத்தினால் வருகிற நீளம் அது. பண்ருட்டிப் பக்கம் மழையில் திடீரென்று குறுக்கே திரும்புகிற டிராக்டருக்கும் நமக்கும் இடையே அந்த நான்கு வண்டி நீளம் இருக்கிறதா இல்லையா என்பதைவிட, உள்ளே பாட்டு தெளிவாகக் கேட்கிறதா என்பது எனக்குப் பெரிதில்லை. பெயர் ஒன்றானாலும் அளவுக்கு அளவு இந்த எழுத்து மாறும். ஆகவே உங்கள் அளவுக்கு உரியதைத் தேடிப் பாருங்கள். பக்கவாட்டில் இருக்கும், தேய்மானத்தைக் குறிக்கும் டிரெட்வேர் எண்ணைக் கம்பெனிகளே போட்டுக்கொள்கின்றன. ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டும் அது உதவும்.

நம் சந்தையின் சங்கடம் வேறு. 2020 ஜூனில் டயர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்குப் போனதிலிருந்து, வெளிநாட்டு ஒப்பீடுகளில் முதலிடம் பிடிக்கிற டயர் நம் அளவில் இங்கே கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு கடைக்குப் போக முடியாது. கிடைத்தாலும் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். எனக்கு முதலில் எடுத்து வந்த நான்கில் இரண்டு, மற்ற இரண்டைவிட ஒன்றரை வயது மூத்தவை. கேட்டவுடன் கடைக்காரர் முகம் கோணாமல் மாற்றிக் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். பழைய டயர்கள் 30,000 கி.மீ. தாண்டியபோது பின்பக்கத்திலிருந்து ஒரு முனகல் தொடங்கியது. 60-இல் மெல்ல ஆரம்பித்து 90-இல் காதருகே வந்து நிற்கும். ஒரு பணிமனையில் வீல் பேரிங் போய்விட்டது என்றார்கள், இரண்டையும் மாற்றினேன். முனகல் அப்படியே இருந்தது. பிறகு வேறொரு மெக்கானிக் என்னைப் பின்சக்கரத்தருகே குனிய வைத்து, உள்ளங்கையைப் பட்டன்கள் மேல் ஒரு திசையில் தடவச் சொன்னார், வழுவழுவென்று போனது. எதிர்த்திசையில் தடவச் சொன்னார். மீனை வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினால் செதில் கையை இழுக்குமே, அப்படி ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் கையில் மாட்டியது. முன்சக்கர இயக்க வண்டிகளில் பாரம் குறைந்த பின்டயர்கள் இப்படி ரம்பப் பல்லாகத் தேய்வது வழக்கம். காலாகாலத்தில் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம். நான் 18,000 கி.மீ. வரை மாற்றவே இல்லை. பேரிங் சத்தமாக இருந்தால் வேகத்தில் ஸ்டியரிங்கை லேசாக இடவலம் அசைக்கும்போது கூடிக் குறையும். டயர் சத்தமாக இருந்தால் தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறும்போது குரல் மாறும். இந்தச் சோதனை முன்பே தெரிந்திருந்தால் இரண்டு பேரிங்கின் காசு மிஞ்சியிருக்கும். ‘இந்த டயர் சத்தம்’ என்று நாம் திட்டுகிற டயர்களில் எத்தனை, நாமே சத்தக்காரன் ஆக்கியவை என்று அன்றுதான் யோசித்தேன்.

அளவைக் கூட்டிப் போடுகிற மோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 225/45 ஆர்17 போட்டால் பிடிப்பு கூடும் என்று நண்பர்கள் வற்புறுத்தினார்கள். காற்றழுத்தம் மாறாதவரை தொடுபரப்பு பெரிதாக மாறாது. நீளம் குறைந்து அகலம் கூடும். காய்ந்த வளைவில் அது நன்மைதான். தண்ணீரில் அகலமான டயர் சீக்கிரம் தரையை விட்டு மிதக்கும், சத்தமும் கூடும், பக்கச்சுவர் 113 மி.மீ.யிலிருந்து 101-க்குக் குறைவதால் பள்ளத்தில் பல்ஜ் (பக்கச்சுவர் வீக்கம்) விழும் வாய்ப்பும் கூடும். மிதப்பது பற்றி விமானச் சக்கரங்களை வைத்து நாசா 1963-இல் வெளியிட்ட பழைய சூத்திரம் ஒன்று உண்டு: பி.எஸ்.ஐ.யின் வர்க்கமூலத்தை 9-ஆல் பெருக்கினால் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வரும். 33-க்கு ஏறத்தாழ 96 கி.மீ.; 25-க்கு 83. பட்டன் ஆழம் மிச்சமிருக்கும் கார் டயருக்கு இது அப்படியே பொருந்தாது. மொட்டை டயருக்கு நன்றாகவே பொருந்தும். சவாரி மெத்தென்று இருக்கட்டும், சத்தம் குறையட்டும் என்று காற்றைக் குறைத்து ஓட்டுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

கடைசியில் என்ன வாங்கினேன்? ஏறக்குறைய எல்லாக் கம்பெனியிலும் சுகத்துக்கு ஒரு குடும்பம், வேகத்துக்கு ஒரு குடும்பம் இருக்கிறது: மிஷலினில் பிரைமசி–பைலட் ஸ்போர்ட், பிரிட்ஜ்ஸ்டோனில் டுரான்சா–பொடென்சா, யோகஹாமாவில் புளூஎர்த்–அட்வான் என்று. வேகக் குடும்பத்திலேயே பந்தயத் திடலுக்கு என்று அரைவாசி செதுக்கப்பட்டவற்றை விட்டுவிட்டு, தெருவுக்கு என்று செய்த ஒன்றை, கார்க் கம்பெனி கொடுத்த அதே அளவில் எடுத்தேன். பெயரைச் சொன்னால் பதிவு விளம்பரமாகிவிடும். சுகக் குடும்பத்து டயரைவிட ஒன்றுக்கு ஏறத்தாழ 3,000 ரூபாய் கூடுதல். ஆயுளும் குறைவாகத்தான் இருக்கும்.

முதல் 300 கி.மீ. அடக்கமாக ஓட்டினேன், அச்சிலிருந்து வந்த வழவழப்பு தேய்ந்து போகும்வரை புது டயர் வழுக்கவே செய்யும். மூன்றாவது வாரம் வால்பாறை. ஒன்பதாவது வளைவில் மூடுபனி, அதற்கு மேல் தூறல். முன்பு வெளிப்பக்கம் நழுவிக்கொண்டே போன இரண்டு வளைவுகளில் மூக்கு நான் திருப்பிய பக்கமே போனது. சென்னைச் சாலையில் கான்கிரீட் துண்டுகளில் ஓர் இரைச்சல் இருக்கிறது, மறைக்கவில்லை. தேய்ந்து ரம்பமான பழைய டயரோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லை. வீட்டிலேயே ஒரு சிறிய பம்ப் வாங்கி வைத்து, வண்டி சூடேறும் முன் காலையில் 33 பார்த்துக்கொள்கிறேன். முன்னும் பின்னும் மாற்றிப் போடுகிற அடுத்த ரொட்டேஷன் 8,000 கி.மீ.யில். எந்தக் கிலோமீட்டரில் என்று எழுதி, இந்த முறை டேஷ்போர்டிலேயே ஒட்டிவிட்டேன்.